குதிரை ‘திடீரென’ மிரள்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமண ஊர்வலத்திலோ கோயில் திருவிழாவிலோ குதிரை மிரண்டு யாராவது காயப்பட்டால், தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான் வருகிறது: ‘அப்போது குதிரை திடீரென மிரண்டு ஓடியது.’ அந்தத் ‘திடீரென’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. கூட்டத்தையும் இரைச்சலையும் அறியாத ஒரு குதிரையை, அதன் பழக்கவழக்கம் தெரியாத ஒருவர், முதல் முறையாக ஆயிரம் பேர் நடுவே கொண்டுபோய் நிறுத்தும்போது நடப்பதில் திடீரென நடப்பது எதுவுமில்லை என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கணியம்பாடி ஒன்றியத்தில், ராணுவத்தினர் நிறைந்த கம்மவான்பேட்டைக்குப் பக்கத்தில் என் ஊர். அந்தப் பக்கத்துக்காரன் ஏன் ராணுவத்தில் சேர்ந்தான் என்று வேலூரில் யாரும் கேட்க மாட்டார்கள். 1966-இல், பதினெட்டு வயதில் சேர்ந்த என்னைக் குதிரைகளைப் பராமரிக்கும் பிரிவில் போட்டார்கள். அதுவரை நான் பார்த்திருந்த குதிரையெல்லாம் ஜட்கா வண்டியில் பூட்டியதும், ஊர் எல்லையில் ஐயனாருக்குச் சுண்ணாம்பு பூசி நிறுத்தியதும்தான். பின்னர் நான்கு ஆண்டுகள் நீலகிரியில் இருந்தேன். அங்கே ‘ஊட்டி ஹன்ட்’ என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே ஒரு வேட்டைக் குழு இருந்தது. இங்கிலாந்தில் அந்நாளில் நரியைத் துரத்தியது போல, ஊட்டிக்கு வெளியே வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளிக் குன்றுகளில், வேட்டை நாய்க் கூட்டம் முன்னே ஓட, குதிரைக்காரர்கள் பின்னே பாய, குள்ளநரியைத் துரத்துவார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய காலம் அது. வேட்டை சரியா தவறா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. இன்று எவரும் குள்ளநரியைத் துரத்த வேண்டியதில்லை, துரத்தவும் கூடாது. ஆனால் புதிய குதிரையை முதல் முறை கூட்டத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி என்பதில் அந்த வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அடிபட்டுக் கற்ற பாடம் ஒன்று உண்டு. அது இன்றைய வேலூருக்குத் தேவைப்படுகிறது.

அந்தப் பாடத்தை நான் கற்றது என் தவற்றால்தான். 1970-இல் எங்கள் லாயத்துக்கு ஐந்து வயதுள்ள, விதையடித்த செந்நிறக் குதிரை ஒன்று வந்தது. நெடுந்தூரம் ரயிலில் வந்து இளைத்திருந்தது. மூன்று வாரம் ஆட்டுக்குட்டி போலச் சாதுவாக இருந்தது. கையை நீட்டினால் முகர்ந்து பார்க்கும், சேணம் போட்டால் அசையாமல் நிற்கும். அதன் மீது ஏறும் அதிகாரி, ‘சனிக்கிழமை வேட்டைக்குக் கொண்டுபோகலாமா?’ என்று என்னைக் கேட்டார். ‘போகலாம், சார்’ என்றேன். அந்தக் குதிரை நாய்க் கூட்டத்தைப் பார்த்ததில்லை, வேட்டைக் கொம்பின் ஓசையைக் கேட்டதில்லை, முப்பது நாற்பது குதிரைகள் ஒன்றாக ஓடும் இடத்தில் இருந்ததில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் கையில் தேறிய குதிரை என்ற பெருமிதத்தில் வாய் முந்திக்கொண்டது. போதாததற்கு, ஓடப் பலம் வேண்டுமே என்று வியாழக்கிழமையிலிருந்து தானியத்தையும் கூட்டிப் போட்டேன். வெள்ளிக்கிழமை மழை, குதிரை நாள் முழுவதும் லாயத்திலேயே நின்றது.

சனிக்கிழமை காலை எல்லாரும் கூடிய இடத்திலேயே அது தன் நிலையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. குளிரிலும் கழுத்தில் வியர்வை நுரைத்தது. சாணம் இளகிப் போனது. காதுகள் ஒரு கணம் கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. கண்ணில் வெள்ளை தெரிந்தது. இத்தனையையும் கண்டும் நான் வாய் திறக்கவில்லை. நாய்கள் மோப்பம் பிடித்துக் குரல் கொடுத்தன, கொம்பு ஊதியது, கூட்டம் பாய்ந்தது. அதிகாரி இரண்டு கையாலும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். இழுக்க இழுக்க அது தலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடியது. வேட்டைத் தலைவரையே தாண்டி ஓடியது. அந்த மரபில் அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. பிறகு சரிவில் நேராக இறங்கிப் பள்ளத்துச் சேற்று நிலத்தில் வயிறு வரை புதைந்து நின்றது. அந்தக் குன்றுகளுக்கு நடுவே பச்சைப் புல் போர்த்திய சதுப்புகள் இருக்கும். மலைக்குப் பழகிய குதிரை ஓரத்திலேயே நின்றுவிடும், சமவெளிக் குதிரைக்கு அது தெரியாது. அதிகாரிக்குக் காறை எலும்பு முறிந்தது. கயிறு கட்டி ஏழெட்டுப் பேர் இழுத்துக் குதிரையைக் கரையேற்றினோம். அதன் பின் பல மாதங்கள், தூரத்தில் லாரி ஹாரன் கேட்டாலே அதன் உடம்பு நடுங்கும்.

அங்கே வேட்டை நாய்களைப் பராமரித்தவர்களில் ஆற்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். கரையில் சேறோடு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘இது வேட்டைன்னு குதிரைக்கு யாரு தம்பி சொன்னது? அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எல்லாரும் ஓடுறாங்க, அப்படின்னா பின்னால ஏதோ வருது.’

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் குதிரையைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. குதிரை மேய்ந்து வாழும் மந்தை விலங்கு. பிற விலங்குக்கு இரையாவது அதன் பிறவி அச்சம். அதற்குக் கொம்போ கூர்ம்பல்லோ இல்லை. தப்பிக்க நான்கு கால்கள்தான் உண்டு. மந்தை ஓடினால் காரணம் கேட்காமல் ஓடும் குதிரைதான் பிழைத்தது. நின்று விசாரித்தது பிழைக்கவில்லை. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்து ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கின்றன. மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குக் குருட்டு இடம். ஆகவே பின்னாலிருந்து வரும் ஓசைதான் அதை அதிகம் அச்சுறுத்தும். வேட்டையில் மற்ற குதிரைகள் பாயும்போது தன்னை மட்டும் இழுத்துப் பிடிக்கும் மனிதனை அது எஜமானனாக எண்ணாது. முதுகில் ஏறிக்கொண்டு தப்பவிடாமல் தடுக்கும் ஒன்றாகத்தான் எண்ணும். இழுக்க இழுக்க ஓடியதன் காரணம் இதுதான். கடுமையான இரும்பை வாயில் மாட்டினால் அடங்கும் என்பவர்கள் உண்டு. அச்சத்தோடு வலியும் சேர்ந்தால் அது இன்னும் ஓடுமே தவிர நிற்காது.

அந்தப் பெரியவர் காட்டிய வழியில், அடுத்த பருவத்தில் வேறொரு புதுக் குதிரையைப் பழக்கினோம். முதலில் பல நாள் விடியற்காலையில் நாய்களை நடைபயிற்சிக்கு அழைத்துச் செல்லும்போது குதிரையையும் உடன் நடத்தினோம். வேட்டையில்லை, ஓட்டமில்லை, வெறும் நடை. நாயை உதைப்பது அங்கே மன்னிக்க முடியாத குற்றம் என்பதால், நாய்கள் அருகே வரும்போதெல்லாம் குதிரையின் பின்புறத்தைத் திருப்பாமல் தலையை அவற்றின் பக்கம் திருப்பி நிறுத்தக் கற்றோம். பிறகு ஒரு நாள் வேட்டைக்காரர்கள் கூடும் இடம் வரை, வயதான, எதற்கும் அசையாத ஒரு பெண்குதிரையோடு அதைச் சேர்த்துக் கொண்டுபோய், ஓரமாக நிறுத்திவிட்டு, கூட்டம் புறப்படும் முன்பே திரும்பிவிட்டோம். அடுத்த முறை கடைசி வரிசையில், அதே கிழட்டுப் பெண்குதிரையின் பின்னால் அரை மணி நேரம் மட்டும். அதற்கடுத்த முறை, கூட்டம் ஒரு பக்கம் போகும்போது நாங்கள் மறுபக்கம் திரும்பினோம். இதுதான் இருப்பதிலேயே கடினம். மந்தையை விட்டுத் தனியே போகச் சம்மதிக்கும் குதிரைதான் பழகிய குதிரை. மற்றவற்றோடு சேர்ந்து ஓடுவதற்குப் பயிற்சியே வேண்டாம். ஒவ்வொரு முறையும் குதிரை அமைதியாக இருக்கும்போதே வீடு திரும்பினோம். ‘இன்று நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்’ என்று நினைத்த நாளில்தான் கெடும் என்பார் பெரியவர்.

அங்கே இன்னொரு வழக்கத்தையும் கண்டேன். புதிதாக வரும் குதிரையின் வாலில் பச்சை நாடா கட்டுவார்கள். உதைக்கும் குதிரைக்குச் சிவப்பு நாடா. பின்னால் வருபவர் பார்த்து விலகி நிற்க அது போதும். சிவப்பு நாடா கட்டியதோடு கடமை முடிந்தது என்று நடுக் கூட்டத்தில் நுழையவும் முடியாது. கட்டியவர் கடைசியில்தான் வர வேண்டும்.

நீலகிரிப் புல்வெளியில் நடந்ததற்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் சந்தையிலும், ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையிலும் குதிரை வாங்கி வரும் இளைஞர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பெருகி வருவதைக் காண்கிறேன். கத்தியவாரி, மார்வாரி என்று இனப் பெயரைச் சரளமாகச் சொல்கிறார்கள். பந்தயத்திலிருந்து விலக்கிய குதிரையை வாங்குபவர்களும் உண்டு. ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஜட்கா மறைந்த பிறகு நம் தெருக்களில் குதிரையின் குளம்பொலி மீண்டும் கேட்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வாங்கிய பத்தாம் நாளே அது மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகிறது, அல்லது தேர்த் திருவிழாவுக்குப் போகிறது. அங்கே பம்பை, பேண்டு, நாசிக் டோல், காலடியில் சரவெடி, தலைக்கு மேல் ட்ரோன், கண்ணுக்கு நேரே விளக்கு வெளிச்சம், காகிதத் துகள் வெடித்துச் சிதறும் குழாய். முதுகில் இருப்பவரோ வாழ்நாளில் குதிரை ஏறியிராத மணமகன். அங்கவடியில் கால் எட்டாமல், ஒரு கையில் மாலையும் மறு கையில் கைப்பேசியுமாக உட்கார்ந்திருப்பார்.

வேட்டைக் களத்தைவிட இது பல மடங்கு கடினம். அங்கே மிரண்ட குதிரைக்கு ஓட வெட்டவெளி இருந்தது. லாங் பஜாரிலோ காட்பாடி சாலையிலோ அது எங்கே ஓடும்? குருட்டு இடமான பின்பக்கத்தில்தான் குழந்தைகள் நின்று வால் மயிரை இழுக்கின்றன. லாடம் அடித்த கால் தார்ச்சாலையில் வழுக்கும். சத்துவாச்சாரிப் பக்கம் மிரண்டால் அடுத்த நிமிடம் பெங்களூரு நெடுஞ்சாலையில் நிற்கும். நானூறு கிலோ எடையுள்ள உயிர் லாரிக்கு எதிரே போனால் இரு தரப்புக்கும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வைகாசி முதல் நாளில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், அதற்குள் ஒரு புதுக் குதிரையை நினைத்துப் பார்த்தாலே போதும்.

குதிரை பீரங்கிக்கே பழகும் விலங்கு என்பதும் உண்மைதான். வேலூர்க்காரர்களுக்கு 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாளை நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு இருபத்தைந்து கிலோமீட்டர் பாய்ந்து வந்து, வேலூர்க் கோட்டையில் நம் சிப்பாய்களின் எழுச்சியை ஒடுக்கினார். அதைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கோட்டை வாசலில் நின்ற அந்தக் குதிரைகள் முந்தின வாரம் சந்தையில் வாங்கியவை அல்ல என்பதைக் குதிரைக்காரன் என்ற முறையில் சொல்லத்தான் வேண்டும். படைக்குதிரையை வெடியோசைக்குப் பழக்கும்போது வெகு தொலைவில் தொடங்கி, அது தீவனம் தின்பதை நிறுத்தாத அளவுக்கே ஓசையை நாளுக்கு நாள் நெருங்கக் கொண்டுவருவார்கள்.

வாங்கும் இடத்திலேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம்மவர்கள் குதிரையின் சுழி பார்ப்பதற்கு அரை நாள் செலவிடுகிறார்கள். இதுவரை யார் ஏறினார்கள், எந்தக் கடிவாளம் போட்டார்கள், கூட்டத்துக்குப் போயிருக்கிறதா, தனியே போகுமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. விற்பவரிடம் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். குதிரையின் முதுகிலும் வயிற்று வார் படும் இடத்திலும் வியர்வை காய்ந்த தடம் இருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காக அதைக் களைக்கும்வரை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சேணத்தை உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். விற்பவரின் ஆள் முதலில் ஏறட்டும். அவர் ஏறத் தயங்கினால் நீங்கள் பேரமே பேச வேண்டியதில்லை.

சந்தையில் சாதுவாக நிற்கும் குதிரையை நம்பாதீர்கள் என்பதை இரட்டைக் கோடிட்டுச் சொல்வேன். நெடும்பயணத்தில் பட்டினியும் தாகமுமாக வந்த குதிரை சாதுவாகத்தான் நிற்கும். வீட்டில் கட்டிப் பதினைந்து நாள் கொள்ளும் தவிடும் வைத்த பிறகுதான் அதன் இயல்பு தெரியும். அப்போது அது வேறு குதிரை. என் செந்நிறக் குதிரை மூன்று வாரம் எனக்குக் காட்டியது குணமில்லை, களைப்பு. தானியத்தைக் கூட்டிக் கட்டியே வைத்திருந்து மறுநாள் ஓட வைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தொடைத் தசைகள் கல்லாக இறுகி, அடி எடுத்து வைக்க முடியாமல் குதிரை நின்றுவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஞாயிறு ஓய்வெடுத்த வண்டிக் குதிரைகளுக்குத் திங்களன்று வந்ததால் வெள்ளைக்காரர்கள் இதைத் திங்கட்கிழமை நோய் என்பார்கள். அப்படிக் கண்டால் ஓர் அடிகூட நடத்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். ஆகவே வேலையில்லாத நாளில் தானியத்தைக் குறைத்து வைக்கோலையும் புல்லையும் கூட்டுவதே முறை. வெளியே கொண்டுபோகும் நாளுக்கு முன்னதாகத் தானியம் கூட்டுவது, நான் செய்த அதே தவறு.

பழக்குவதற்கு நம் ஊரில் இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தண்ணீருக்காக நாம் அழுதுகொண்டிருக்கும் பாலாறு, குதிரைக்காரனுக்கு மட்டும் ஒரு கொடை. வறண்ட மணல் காலுக்கு மெத்தென்று இருக்கும். விழுந்தாலும் அடி குறைவு. மணலில் குதிரையும் வெகுதூரம் வேகமாக ஓடாது. ஆழமான மணலில் நீண்ட நேரம் ஓட்டினால் தசைநார் நோகும் என்பதால் பெரும்பாலும் நடையே போதும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஒரு பழகிய குதிரையோடு சேர்த்து நடத்துங்கள். பாலத்தின் மேல் போகும் லாரிகளின் ஓசையைத் தொலைவிலிருந்து கேட்கட்டும். பம்பைக்காரர் ஒருவரை இருநூறு மீட்டருக்கு அப்பால் நின்று வாசிக்கச் சொல்லுங்கள்; குதிரை காதைத் தளர்த்தி மேயத் தொடங்கிய பின் பத்து மீட்டர் நெருங்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் காதருகே கொண்டுவந்து ‘பழகட்டும்’ என்பது பழக்குவது ஆகாது. கழுத்தைச் சுற்றி ஒரு தோல் பட்டை கட்டிவையுங்கள். தடுமாறும்போது கடிவாளத்தில் தொங்காமல் அதைப் பிடித்துக்கொள்ளலாம். தலைக்கவசம் அணிவதைக் கேலி செய்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஊர்வல நாளில் மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுபோகும் வழக்கம் சிலரிடம் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். மருந்தில் தள்ளாடும் குதிரை தாரில் விழும். அடங்கியது போல் நிற்கும் குதிரையும் திடுக்கிட்டால் அந்த நொடியே உதைக்கும். மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

ஊர்வலத்துக்கு அனுமதி தரும் காவல் துறையினருக்கும், திருமண மண்டபக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டுதான். குதிரை வரும் ஊர்வலத்தில் அதன் அருகே வெடி வேண்டாம் என்பதை அனுமதிச் சீட்டிலேயே எழுதுங்கள். புதிய குதிரையின் வாலில் பச்சை நாடாவும், உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடாவும் கட்டச் சொல்லுங்கள். தங்கள் நாளிதழ் அதன் பொருளை ஒரு முறை படத்தோடு வெளியிட்டால் மக்கள் புரிந்துகொள்வார்கள். நாடா பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது.

இக்கடிதத்தை எழுத வைத்ததும் ஒரு குதிரைதான். என் பக்கத்து வீட்டுப் பையன் தீபச் சந்தையில் வெள்ளைப் பெண்குதிரை ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். தை மாதம் அவனுடைய அண்ணனுக்குத் திருமணம். மாப்பிள்ளையை அதன் மீது ஏற்றிவர வேண்டும் என்பது அவன் ஆசை. ‘தாத்தா, போகலாமா?’ என்று கேட்டான். 1970-இல் ஓர் அதிகாரி கேட்ட அதே கேள்வி. தினமும் காலையில் ஆற்று மணலுக்கு நானும் கைத்தடியோடு போய்ப் பார்க்கிறேன். நல்ல உயிர், பாய்ச்சலில் அழகு. ஆனால் பம்ப் செட்டின் மேல் போர்த்திய நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தால் இப்போதும் நான்கு அடி பக்கவாட்டில் தாவுகிறது. வேறு குதிரை கண்ணிலிருந்து மறைந்தால் கனைத்துக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளை காரிலேயே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். பையன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. குதிரையை மட்டும் காலையில் தவறாமல் மணலுக்கு ஓட்டி வருகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வீரர்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.